சவுரியம்மாள் மூக்கு

பிளாஸ்டிக்னா எல்லாம் ஒண்ணுதானேன்னு யாராவது என்கிட்ட சொன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். பச்சரிசி, புழுங்கரிசி, கேப்பை, கம்பு எல்லாத்தையும் ஒரே பானையில கொட்டி வடிச்சுத் தின்னுவியான்னு கேப்பேன். திண்டிவனத்துல முத்து முகம்மது பாய் ஷெட்டுல பழைய பிளாஸ்டிக்கப் பிரிச்சுப் பிரிச்சே பாதி ஆயுசக் கழிச்சவ நான். என் பேரு அஞ்சம்மாள். ஆனா இது என் கத இல்ல. என்கூட வேல செஞ்ச சவுரியம்மாளோட கத. அந்த ஷெட்டுல ரெண்டு மிஷினு இருந்துச்சு, ஒரு தராசு இருந்துச்சு, அதுங்களுக்கெல்லாம் மேல சவுரியோட மூக்கு இருந்துச்சு.

பாய் கோட்டக்குப்பத்துக்காரரு. ரொம்ப வருசம் குவைத்துல இருந்துட்டு, தொண்ணூத்திமூணுல ஊருக்கு வந்தாரு. மல்லாட்டை, அதான் வேர்க்கடல, காயப் போடுற களம் ஒண்ண வாடகைக்குப் புடிச்சு, தகரக் கொட்டா போட்டு, மிஷின எறக்கிட்டாரு. காயலான் கடைக்காரங்க, சைக்கிள்ல ஊரு ஊராப் போயி பழைய பிளாஸ்டிக்குக்கு வெங்காயம் குடுத்து மாத்திக்கினு வர்றவங்க, எல்லாரும் அவருகிட்டதான் கொண்டாந்து கொட்டுவாங்க. ஒடஞ்ச கொடம், பக்கெட்டு, எண்ணெக் கேனு, பால் கவரு, ஒயரு, செருப்பு. நாங்க பொம்பளைங்க சுத்தி ஒக்காந்து பிரிக்கணும். பிரிச்சத அரைச்சு, கழுவி, காய வெச்சு, உருக்கு மிஷின் வாயில கொட்டினா அந்தாண்ட சேமியா மாதிரி நீளமா வரும். அத்த நறுக்கினா குருண. குருணைய வாங்கிக்கினு போறவங்க மறுபடியும் கொடமோ, கொல்லைக்குத் தண்ணி பாய்ச்சுற பைப்போ பண்ணுவாங்க. செவப்பு போச்சு, பச்ச போச்சு, மஞ்சள் போச்சு, எல்லாம் கலந்து வரும்போது ஒரு அசிங்கக் கலர்ல வரும். அதனால மொத்தத்துக்கும் கருப்புச் சாயத்தப் போட்டுடுவாங்க.

"இதெல்லாம் எங்கேர்ந்து பாய் வருது?"ன்னு சவுரி ஒரு நாள் கேட்டா.

"பூமிக்கு அடியில எடுக்கிற எண்ணெதாம்மா. பெட்ரோலு, மண்ணெண்ணெ, இது, எல்லாம் ஒரே வயித்துப் புள்ளைங்க."

"அங்கேர்ந்து தோண்டி, கப்பல்ல ஏத்தி, கொடமாக்கி, வித்து, ஒடச்சு, குப்பையில போட்டு, அத்த நான் பொறுக்கணுமா? பேசாம பூமியிலயே வுட்டிருக்கலாம்ல?"

"வுட்டிருந்தா நான் குவைத்துக்குப் போயிருக்க மாட்டேன். நீங்களும் இங்க வந்திருக்க மாட்டீங்க"ன்னு பாய் சிரிச்சாரு. சவுரி சிரிக்கல. அவ எதையும் கேட்டா பதிலுக்குத்தான் கேப்பா.

பிரிக்கிறதுலதான் வில்லங்கமே. முழுக் கொடம், முழு பக்கெட்டுன்னா கண்ணால பாத்தே சொல்லிடலாம். ஒடஞ்சு சில்லாப் போனது வந்தா எவன் கண்டான்? எங்க உருக்கு மிஷினு பாலித்தீன் வகைக்குன்னு வெச்சது. அதுல பி.வி.சி. கலந்துட்டா ஒழிஞ்சோம். பாலித்தீன் பதமா உருகற சூட்டுல பி.வி.சி. கருகும், கருகி ஆசிட்டுப் புகைய வுடும். அது மிஷின் இரும்பயே அரிக்கும்னா மனுசத் தொண்ட எம்மாத்திரம்? அதுக்குப் பாய் ஒரு வழி சொல்லிக் குடுத்தாரு. தெரியாத துண்டு வந்தா கத்தியில ஒரு சீவு சீவணும், சிம்னி வெளக்குல காட்டிக் கொளுத்தணும், ஊதி அணைக்கணும், அந்தப் புகைய மோந்து பாக்கணும். எல்லாரும் மோந்தோம். எங்களுக்கு எல்லாம் ஒரே நாத்தமாத்தான் இருந்துச்சு. சவுரி மட்டும்தான் பேரு வெச்சா.

பாலித்தீனுக்கு மெழுகுவத்தி அணைச்ச வாசன. அவ வேதக்காரப் பொண்ணு, சின்ன வயசுலேர்ந்து மாதா கோயில் மெழுகுவத்திக்கு நடுவுலயே வளந்தவ, அதனால மொத நாளே கப்புனு புடிச்சுட்டா. நைலானுக்குக் கோழி பொசுக்குற நாத்தம். பி.வி.சி.க்குக் கக்கூஸ் கழுவுற ஆசிட்டு. கேசட்டுப் பொட்டி மாதிரி பளபளன்னு இருந்து பட்டுனு ஒடயுமே, அத்தக் கொளுத்தினா கருப்பு கருப்பா ஒட்டட பறக்கும், ஆனா வாசன மட்டும் சாமந்திப்பூன்னா. போடி இவளேன்னு சிரிச்சோம். மோந்து பாத்தோம். சாமந்திப்பூதான்.

அன்னியிலேர்ந்து அவளுக்குத் தனி எடம். காத்துப் பட்டா வெளக்கு ஆடும்னு ஷெட்டோட கடசி மூலையில ஒரு மணப்பலக, பக்கத்துல சிம்னி, ஒரு கத்தி. சந்தேகத் துண்டெல்லாம் அவகிட்ட போவும். சீவுவா, கொளுத்துவா, ஊதுவா, மோப்பா, "தள்ளு" இல்லன்னா "ஏத்து"ம்பா. அவ்ளோதான் பேச்சு. அவ புருசன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன், அங்கயே வேற குடும்பமா ஒக்காந்துட்டான். அவனப் பத்திக் கேட்டா மட்டும் மோந்து பாக்காமயே "தள்ளு"ம்பா.

ஒரே புள்ள, அருளப்பன். பத்தாவது பெயிலாப் போயி ஊரச் சுத்திக்கினு இருந்தவன பாய் கூப்புட்டு உருக்கு மிஷின்ல நிக்க வெச்சாரு. மிஷின் வாயில தூளக் கொட்டுறது அவன் வேல. மூஞ்சிய நேரா அந்த வாய்க்கு மேலதான் வெச்சுக்கினு நிக்கணும். ஒரு ஈரத் துண்ட வாயில கட்டிக்குவான். அவன் வந்த நாளுலேர்ந்து சவுரி மாறிட்டா. அதுவரைக்கும் ஒரு தடவ மோந்தவ, ரெண்டு தடவ மோந்தா. அவ தள்ளாம வுட்ட துண்டு நேரா புள்ள மூஞ்சியிலதான் போயி அடிக்கும், இல்லியா? பலகைய இப்பிடிக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கினா. ஒக்காந்த எடத்துலேர்ந்து அவன் மொகம் தெரியணும், அதுக்கு.

இதுல கேரி பேகுன்னு ஒரு சனியன் வந்து சேந்துச்சு. காய்கறி வாங்கினா ஒண்ணு, கருவாடு வாங்கினா ஒண்ணு, அர மொழம் பூவுக்கு ஒண்ணு. ஊரே அத்தத் தூக்கிக்கினு திரிஞ்சுது. ஷெட்டுக்கு வந்தா பாய் தலையில கை வெச்சுக்குவாரு. வெங்காயச் சருகாட்டம் மெல்லிசு, உள்ள சேறும் எண்ணெயும். கழுவுற தண்ணிக்குக்கூடக் கட்டாது. கொல்லப்பக்கம் எறிவோம். காத்தடிச்சா பறந்து போயி வேலிக்காத்தான் முள்ளுல தேர்தல் கொடி கட்டின மாதிரி தொங்கும், மீதி ஏரியில எறங்கும். நாங்க கழுவி வுட்ட தண்ணியும் அதே ஏரிக்குத்தான் போச்சு. மாடுங்க பையில ஒட்டுன சோத்துக்கு ஆசப்பட்டு பையோட முழுங்கும். மக்கிப் போவும்னு நானும் பாத்தேன். மண்ணுல பொதஞ்சது அடுத்த வருசம் மழைக்கு வெளிய வந்துச்சு, கட பேருகூட அழியல. கடசியில சாயங்காலமானா குமிச்சு வெச்சு நெருப்பு வெச்சுடுவாங்க. அந்தப் புகையும் நாங்கதான் குடிச்சோம். பகல்ல கொஞ்சம் கொஞ்சமா, சாயங்காலம் மொத்தமா.

சவுரி மூக்கு வாசன தெரியாமப் பூட்டத நான் கண்டுபுடிச்சது மீன் கொழம்புல. முந்தின நாளு வெச்ச சுறாக் கொழம்பக் கொண்டாந்திருந்தேன். தூக்கைத் தொறந்ததும் ஊசிப் போன நாத்தம் ஆள அடிச்சுது. கொட்டலாம்னு எந்திரிக்கிறேன், இவ கைய வுட்டு எடுத்து சோத்துல போட்டுப் பெசஞ்சு, "நல்லாருக்குடி"ன்னு தின்றா.

"ஏ சவுரி! நாத்தம் கொடலப் புடுங்குது, உனக்குத் தெரியலயா?"

வாயில வெச்ச சோறு அப்படியே நின்னுச்சு. என்ன இழுத்துக்கினு கொல்லப்பக்கம் போனா. "ஈஸ்டருக்குக் கோயில்ல சாம்பிராணி போட்டாங்க. பொக மட்டும்தான் தெரிஞ்சுது"ன்னா. "யாருகிட்டயாவது சொன்ன, மாதா மேல சத்தியமா உன்கூடப் பேச மாட்டேன்."

எனக்குச் சுர்ருனு ஏறுச்சு. "அடிப் பாவி, அங்க நிக்கிறது உன் புள்ள! பாய்கிட்ட சொல்லிட்டு எழுந்திரு. வேற யாராவது மோந்து பாக்கட்டும்."

"யாரு மோப்பா? நீ மோப்பியா? உனக்கு நைலானுக்கும் கோழிக்கும் வித்தியாசம் தெரியுமா? எவளாவது வந்து ஒக்காந்துக்கினு, ஊர் வம்பு பேசிக்கினு, ஏனோதானோன்னு ஏத்தி வுட்டா என் புள்ளதான் அனுபவிப்பான். நான் பாத்துக்குறேன்."

எப்பிடிப் பாத்துப்பன்னு கேட்டேன். காட்டினா. ஒரு சட்டியில தண்ணி வெச்சு துண்டப் போட்டா. பாலித்தீன் மெதந்துச்சு, பி.வி.சி. கல்லு கணக்கா அடியில போச்சு. அப்பறம் வெளக்குல காட்டினா. பாலித்தீன் சொட்டுச் சொட்டா ஒழுகிக்கினு எரிஞ்சுது. பி.வி.சி. ஓரத்துல பச்ச அடிச்சு, வெளக்க வுட்டு எடுத்ததும் அணஞ்சுடுச்சு. "மூக்கு ஒண்ணு போச்சு, கண்ணு ரெண்டு இருக்குல்ல"ன்னா. மோக்கறத மட்டும் அவ வுடல. தண்ணியில போட்டுப் பாப்பா, நெருப்புல பாப்பா, கடசியில எல்லாரும் பாக்குற மாதிரி மூக்குகிட்ட கொண்டுபோயி, கண்ண மூடி, ஒரு இழு இழுத்து, "ஏத்து"ம்பா. சாமி வந்த மாதிரி இருக்கும். எனக்குச் சிரிப்பு தாங்காது. ஆனா ஒண்ணு சொல்லணும், ஒரு துண்டு தப்பல. மூக்கு இருந்தப்பகூட அப்பிடிப் பாத்தவ இல்ல.

அப்பறம்தான் அந்தக் கடல் வந்துச்சு. ரெண்டாயிரத்து நாலு, கிறிஸ்மஸுக்கு மறுநாளு, ஞாயித்துக்கெழம. சவுரி பூசையில இருந்தா. மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பங்கள்ல நடந்தத நான் சொல்ல வேண்டியதில்ல, எல்லாருக்கும் தெரியும். பொங்கலுக்கு அப்பறம் கரையச் சுத்தம் பண்ணவங்க லாரியில ஒரு லோடு கொண்டாந்தாங்க. கொடம், கூட, வலத் துண்டு, ஒத்தக் கால் செருப்பு செருப்பா. பாய் ரொம்ப நேரம் பாத்துக்கினு நின்னாரு. "கொளுத்த மனசு வரல. உருக்கினா நாலு வூட்டுக்குக் கொடமாவாவது ஆவும்"ன்னாரு. எறக்கிட்டோம். செருப்பையெல்லாம் தனியா ஒரு மூட்டையில போட்டோம். சவுரி ஜோடி தேடிப் பாத்தா. ஒண்ணுக்கும் கெடைக்கல.

அதுல மூட்ட மூட்டையா கொழுக்கட்ட சைசுல மங்கின வெள்ளையா ஒரு கட்டி வந்துச்சு. அலையில ஒரசி ஒரசி மூளியாப் போனது. என்னான்னு எங்க ஒருத்திக்கும் தெரியல. நாங்க எல்லாம் மல்லாட்டை கொல்லையில பொறந்தவளுங்க, கடலுக்குப் போனா காலு நனைச்சுட்டு வருவோம். அது வலையில கட்டுற மிதவ. வல அடியில போவாம இருக்கறதுக்காகக் கட்டுறது. காத்த உள்ள வெச்சுப் பொங்க வெச்ச பி.வி.சி. கடற்கரைக்காரரு பாய் பாத்திருந்தா கண்டுபுடிச்சிருப்பாரு. ஆனா அந்த மூட்டைங்கள அவுத்த அன்னிக்கின்னு பாத்து அவரு சொந்தத்துல ஒரு மௌத்து, சாவுன்னு கோட்டக்குப்பம் போயிட்டாரு.

சவுரி அந்தக் கட்டியத் தண்ணியில போட்டா. மெதந்துச்சு. மெதக்காம இன்னா பண்ணும்? மெதக்கறதுக்குன்னே செஞ்சது! இன்னொண்ணு போட்டா, அதுவும் மெதந்துச்சு. வெளக்குல காட்டினா. ஊர்ப்பட்ட கடலுப்பு ஏறினது, மஞ்சமஞ்சேள்னு எரிஞ்சுது, அந்த மஞ்சள்ல பச்ச எங்க தெரியப் போவுது? மெத்துனு இருக்கறதுக்காக எண்ணெ கலந்து செஞ்சது, அதனால வெளக்க வுட்டு எடுத்தும் அணையல. மூக்குகிட்ட கொண்டு போனா, கண்ண மூடினா, இழுத்தா. "ஏத்து"ன்னா. அரைக்கப் போச்சு.

மறுநாளு அந்தத் தூளு காஞ்சு உருக்கு மிஷினுக்கு வந்துச்சு. மதியச் சோறு தின்னுட்டு ஒக்காந்தோம். மிஷின் ஓடுது, பக்கத்துல பேசுறதுகூடக் கேக்காது. திடீர்னு ஆசிட்டு பாட்டில மூக்குலயே ஒடச்சு ஊத்தின மாதிரி ஒரு நாத்தம். இருமினேன், கண்ணு அவிஞ்சு போற மாதிரி எரியுது. எல்லாரும் எழுந்து வெளிய ஓடினோம். வாசல்ல நின்னு திரும்பிப் பாக்குறேன். சவுரி மூலையில பலக மேல ஒக்காந்துகினு இருக்கா. அருளப்பன் மிஷின்கிட்ட தூளு கொட்டிக்கினு இருக்கான். அவ அவனப் பாக்குறா, அவன் அவளப் பாக்குறான். ரெண்டு பேரும் எங்களப் பாத்து, இதுங்களுக்கு இன்னா வந்துச்சுன்ற மாதிரி இருந்தாங்க. முந்தின வாரம் மூட்டையிலேர்ந்து சாரப்பாம்பு ஒண்ணு வந்து இப்பிடித்தான் ஓடினோம். பாம்புன்னே நெனச்சிருக்காங்க. கண்ணு எரிச்சலும் தொண்டக் கமறலும் அந்த ஷெட்டுல தெனமும் இருக்கறதுதானே.

கத்தினேன். தொண்ட கிழியக் கத்தினேன். மிஷின் சத்தத்துல கடவுளுக்கே கேட்டிருக்காது. அருளப்பன் இன்னும் ஒரு கூட தூளத் தூக்கினான், கொட்டினான், அப்படியே மிஷின் மேல சாஞ்சான்.

அப்பதான் சவுரி எழுந்தா. வெளிய வர வேண்டியவ உள்ள ஓடினா, பொக கெட்டியா இருக்கற எடத்துக்கு. நான் முந்தானைய தொட்டித் தண்ணியில முக்கி மூஞ்சியில சுத்திக்கினு, மெயினு சுவிட்ச அணைச்சுட்டு, உள்ள போனேன். அவ புள்ளையோட ரெண்டு அக்குள்லயும் கையக் குடுத்து இழுத்துக்கினு இருந்தா. நானும் காலப் புடிச்சேன். எப்பிடி வெளிய வந்தோம்னு கேட்டா எனக்குத் தெரியாது.

பாண்டிச்சேரியில பெரிய ஆஸ்பத்திரியில போட்டோம். பொழைச்சான். ஆனா நெஞ்சு பழைய நெஞ்சு இல்ல. இப்ப மேம்பாலத்துப் பக்கம் செல்லு ரீசார்ஜ் கட வெச்சிருக்கான், நாலு படி ஏறினா நின்னு மூச்சு வாங்கிட்டுத்தான் பேசுவான். பாய் ஷெட்டுக்குக் காத்தாடி போட்டாரு, எல்லாருக்கும் மூஞ்சி மூடி குடுத்தாரு, மூலையில இருந்த பலகைய எடுத்துட்டாரு. சவுரி கொஞ்ச வருசம் கழுவுற தொட்டியில வேல பாத்தா, அப்பறம் முட்டி போயி வூட்டோட இருக்கா. மருமவதான் சோத்த மோந்து பாத்துட்டுப் போடுறா.

ஆனா ஆஸ்பத்திரியில நடந்தத சொல்லணும். அன்னிக்கித்தான் அருளப்பனுக்கு மூக்குல வெச்ச கொழாய எடுத்திருந்தாங்க. பாய் பாக்க வந்தாரு. சாத்துக்குடிய வெச்சுட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாரு. "ஏம்பா அருளு, இத்தினி வருசமா மிஷின்ல நிக்கிற. மத்தவங்க எல்லாம் ஓடுறாங்க. அந்த நாத்தம் உனக்குத் தெரியலயா?"

அவன் பதில் சொல்றதுக்குள்ள சவுரி எழுந்து நின்னுட்டா.

"அவன ஒண்ணும் கேக்காதீங்க பாய். தப்பு என்னோடது. எனக்கு மூக்கு பூட்டு வருசக்கணக்காவுது. சொன்னா எழுப்பி வுட்டுடுவீங்க, வேற எவளாவது வந்து என் புள்ளையப் பாழ் பண்ணிடுவாளோன்னு மறச்சேன். கடசியில நானே பண்ணிட்டேன்."

பாய் அப்படியே நாற்காலியில ஒக்காந்தாரு. அருளப்பன் அம்மாவையே பாத்தான். இருமல் வந்துச்சு. இருமி முடிக்கிற வரைக்கும் நாங்க நின்னோம்.

"எனக்கும் மூக்கு பூட்டுச்சும்மா"ன்னான். "ரெண்டு மூணு வருசம் ஆவுது."

"ஏன்டா? ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"உனக்குத்தான் தெரியுதேன்னு வுட்டுட்டேன். நம்ம வூட்டுக்கு ஒரு மூக்கு போதாதான்னு."

எனக்கு ரெண்டு பேரையும் சேத்து வெச்சு அறையணும் போல இருந்துச்சு. அழுவயும் வந்துச்சு. சவுரி கட்டில் கம்பியப் புடிச்சுக்கினு நின்னா.

"எல்லாரும் ஓடினாங்களேடா, நீயாவது ஓடியிருக்கலாம்ல?"

"நீ ஒக்காந்துகினு இருந்தியேமா. அதான் நின்னேன்."

"நீ நின்னுகினு இருந்தியேடா"ன்னா சவுரி. "அதான் நான் ஒக்காந்திருந்தேன்."